மூச்சை அளந்த கதை: ஒரு பி.வி.சி. குழாயும் சில பழைய கணக்குகளும்

தேர்வு முடிந்து ஒரு மாதம் ஆகிறது. "லீவுல என்னடா பண்ண?" என்று வகுப்பில் கேட்டவர்களுக்கெல்லாம் "குழாய் ஊதினேன்" என்றுதான் பதில் சொன்னேன். யாரும் நம்பவில்லை. உண்மையிலேயே அதைத்தான் செய்தேன். ஏன் ஊதினேன் என்பதையும், ஊதப்போய் 170 வருடத்துக் கதை ஒன்றில் மாட்டிக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

என் அப்பாவுக்கு வயது 52. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்படப் பட்டறையில் இருபத்தைந்து வருடமாக வேலை. வார்ப்பு மணல், கிரைண்டிங் தூசு, இரும்புப் பொடி எல்லாம் அவருக்குப் பழக்கம். எங்கள் வீட்டில் அவர் சட்டையை மட்டும் தனி பக்கெட்டில்தான் ஊற வைப்பார்கள். போன வருடக் கடைசியில் வேலையிடத்தில் மருத்துவ முகாம் வைத்தார்கள். ஒரு கருவியில் ஊதச் சொல்லி ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் அப்பா ஊதிய காற்று 2.90 லிட்டர், 'எதிர்பார்க்கும் அளவில் 76%', பக்கத்தில் 'லேசான குறைபாடு' என்று இருந்தது. அம்மா பயந்துபோய் அதே வாரம் வேறு ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார். அங்கே 2.91 லிட்டர், 85%, 'இயல்பு'.

அப்பா இரண்டு தாளையும் என் முன்னால் போட்டுவிட்டுக் கேட்டார். "ஊதுனது நான் ஒருத்தன்தானடா? ஒரே காத்துதானே? அது எப்படி ரெண்டு ரிசல்ட்டு?"

இஞ்சினியரிங் படிக்கிற பையன் என்பதால் இதற்கெல்லாம் பதில் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறார்கள் பாருங்கள், அந்தக் கொடுமையை என்னவென்று சொல்வது. "பார்த்துச் சொல்றேன்ப்பா" என்று சொல்லிவிட்டு வந்தேன். முதலில் எனக்கு வந்த சந்தேகம் கருவி மேல்தான். சரி, நாமே ஒன்று செய்து பார்த்துவிடுவோம் என்று இறங்கினேன்.

மூச்சை எண்ணுவது நம்மவர்களுக்குப் புதிதில்லை. நிமிடத்துக்கு 15 மூச்சு, ஒரு நாளைக்கு 1,440 நிமிடம், ஆக 21,600 மூச்சு. சிதம்பரம் பொன்னம்பலக் கூரையில் வேய்ந்த பொன் ஓடுகளும் 21,600 என்று சொல்லுவார்கள். எண்ணுவதற்குத் தேவை பொறுமை மட்டும்தான். ஒரு மூச்சில் எவ்வளவு காற்று என்று அளக்கவேண்டும் என்றால் பாத்திரம் வேண்டும், அந்தப் பாத்திரம் சரியா என்று சொல்ல இன்னொரு பாத்திரம் வேண்டும். அங்கேதான் தொல்லை ஆரம்பிக்கிறது.

இந்த வேலையை முதன்முதலில் ஒழுங்காகச் செய்தவர் ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர். அவருடைய கருவி ரொம்பச் சாதாரணமானது. தண்ணீர்த் தொட்டியில் ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்து, கப்பி போட்டு எதிர் எடை கட்டி, கீழே குழாய் வழியாக ஊதினால் பாத்திரம் மேலே எழும்பும். எவ்வளவு எழும்பியது என்று பக்கத்தில் இருக்கும் அளவுகோலில் படிக்க வேண்டியதுதான். 1846ல் அவர் வெளியிட்ட கட்டுரையில் 2,130 பேரை ஊத வைத்த கணக்கு இருக்கிறது. மாலுமிகள், தேம்ஸ் நதிக் காவலர்கள், ராணுவத்தார், குத்துச்சண்டைக்காரர்கள், ஏழை விடுதிக்காரர்கள், கனவான்கள் என்று லண்டனில் கண்ணில் பட்டவரையெல்லாம் ஊத வைத்திருக்கிறார். நாம் பாடத்தில் படித்த 'உயிர்ப்புத் திறன்' என்ற சொல்லின் மூலம் அவர் வைத்த பெயர்தான்.

அவர் ஏன் இவ்வளவு மெனக்கெட்டார்? வைத்தியம் ஒரு காரணம். ஃப்ரீமேன் என்ற பெயருள்ள ஓர் அமெரிக்க ராட்சத உருவக்காரரை அவர் சில வருட இடைவெளியில் அளந்திருக்கிறார். அளவு இறங்கிக்கொண்டே வந்தது. பிறகு அந்த ஆள் காசநோயில் இறந்துபோனார். கருவி நோயை முன்கூட்டியே காட்டுகிறது என்று ஹட்சின்சன் நம்பியதில் ஆச்சரியமில்லை. ஆனால் இன்னொரு காரணமும் இருக்கிறது. அவர் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்கு மருத்துவராக இருந்தார். யாருக்கு பாலிசி கொடுக்கலாம், யாரைப் படையில் சேர்க்கலாம் என்று சொல்லும் கருவி என்றுதான் அதை முன்வைத்தார். ஆக, ஊதுகுழல் பிறந்த அன்றைக்கே பணமும் கூடப் பிறந்துவிட்டது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

(ஒரு சின்னக் கிளைக்கதை. ஹட்சின்சன் 1852ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். 1861ல் ஃபிஜி தீவில் இறந்தார். அவர் கருவியை விட அவர் வாழ்க்கை சுவாரசியம். அதை வேறொரு நாள் எழுதுகிறேன். அப்புறம், நம் ஆவடியில் சிறப்புக் காவல் படை முகாம்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும். தமிழகத்தில் காவலர் தேர்வில் ஆண்களுக்கு மார்பளவு 81 செ.மீ., மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும் என்பது விதி. காவலர் தேர்வுக்கு ஊதுகருவியே சரி என்று சொன்னவர் ஹட்சின்சன். நம் ஊரில் டேப்புதான் ஜெயித்தது.)

ஹட்சின்சன் கருவியில் ஒரு பெரிய வசதி உண்டு. அதைச் சரிபார்க்க அடிக்கோல் போதும். பாத்திரத்தின் குறுக்களவு தெரியும், எழும்பிய உயரம் தெரியும், பெருக்கினால் கன அளவு. நானும் முதலில் ஒரு பெரிய தண்ணீர் கேனை டிரம்மில் கவிழ்த்து இதைத்தான் செய்தேன். வீட்டுக் கூடம் முழுக்கத் தண்ணீர். அம்மா டிரம்மைப் பிடுங்கி மாடியில் வைத்துவிட்டார். அதனால் இரண்டாவது வழிக்குப் போனேன். அதாவது, காற்றின் கன அளவை நேராக அளக்காமல் அது ஓடும் வேகத்தை அளந்து, நேரத்தோடு கூட்டிக் கன அளவு கண்டுபிடிக்கும் வழி. கணக்குப் பாடத்தில் தொகையீடு என்று படித்தோமே, அது முதன்முதலாக என் வாழ்க்கையில் பயன்பட்டது!

இந்த வழியைத் திறந்தவர் ஆல்ஃபிரட் ஃப்ளைஷ், சுவிஸ் நாட்டுக்காரர், 1925. ஒரு குழாய்க்குள் நிறையச் சின்னக் குழாய்களைக் கட்டாக வைத்தார். காற்று அந்தச் சந்துகளில் புகுந்து போகும்போது முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் கொஞ்சம் அழுத்த வித்தியாசம் வரும். சந்து சின்னதாக இருந்தால் காற்று சுழிக்காமல் அடுக்கடுக்காக ஓடும், அப்போது அழுத்த வித்தியாசம் வேகத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தமும் இரண்டு மடங்கு. 1840 வாக்கில் ஹேகனும் புவாசேயும் தனித்தனியாகக் கண்ட விதி இது. வெறும் ஓட்டைத் தகடு வைத்தால் இந்தச் சௌகரியம் கிடையாது. அங்கே அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்குப் போய்விடும், மெல்லிய மூச்சு கருவிக்குத் தெரியவே தெரியாது.

சின்னக் குழாய்க்கு எங்கே போவது? ஜூஸ் கடை ஸ்ட்ரா இருக்கிறதே! 5 மி.மீ. உள்விட்டம், 20 செ.மீ. நீளம். காற்று சுழிக்காமல் ஓட ரெனால்ட்ஸ் எண் 2,000க்குள் இருக்கவேண்டும். கணக்குப் போட்டால் ஒரு ஸ்ட்ராவில் விநாடிக்கு 6 மீட்டர் வேகம் வரை போகலாம், அது சுமார் 0.12 லிட்டர். ஒரு மனிதன் முழுமூச்சோடு ஊதினால் விநாடிக்கு 10 லிட்டர் வரை வரலாம் என்று வைத்துக்கொண்டால் 85 ஸ்ட்ரா வேண்டும். பாடியில் ஒரு ஹார்ட்வேர் கடையில் 63 மி.மீ. பி.வி.சி. குழாய் ஒரு துண்டு, எம்-சீல், டெஃப்லான் டேப் வாங்கினேன். கட்டின் முன்னும் பின்னும் குழாயில் துளை போட்டு, மெல்லிய ரப்பர் டியூப் மாட்டி, ஓர் அழுத்த வித்தியாச சென்சார். எவ்வளவு அழுத்தம் வரும் தெரியுமா? முழு வேகத்தில் கணக்குப்படி 28 பாஸ்கல். தண்ணீர் மட்டத்தில் சொன்னால் 3 மில்லிமீட்டர் கூட இல்லை. அதனால் 125 பாஸ்கல் வரை மட்டுமே அளக்கும் நுணுக்கமான சென்சார் தேவைப்பட்டது. என் மொத்தச் செலவில் பாதி அதற்குத்தான்.

கருவி ரெடி. ஊதினால் திரையில் எண் வருகிறது. அந்த எண் லிட்டரா, கத்தரிக்காயா என்று யார் சொல்வது? தெரிந்த அளவு காற்றை உள்ளே தள்ளிப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரிகளில் இதற்கு 3 லிட்டர் பிடிக்கும் பெரிய சிரிஞ்சு வைத்திருப்பார்கள். அதன் விலையைக் கேட்டுவிட்டு, நானே செய்தேன். நாலு அங்குல பி.வி.சி. குழாய், உள்விட்டம் 10.4 செ.மீ., 35.3 செ.மீ. தூரம் தள்ளினால் சரியாக 3 லிட்டர் வரவேண்டும். பிஸ்டன் கடைந்து தந்தவர் எஸ்டேட்டில் லேத் வைத்திருக்கும் ஓர் அண்ணன். "எதுக்குத் தம்பி இவ்ளோ பெரிய சிரிஞ்சி, யானைக்கா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் ஓ-ரிங் இரண்டு கூடுதலாகவே போட்டுத் தந்தார், காசு வாங்கவில்லை. அவரும் நாள் முழுக்க இரும்புத் தூளில் நிற்பவர்தான்.

இங்கே ஒரு பாடம் கற்றேன். உள்விட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் தப்பினால் கன அளவில் கிட்டத்தட்ட 2% தப்பும், அதாவது 58 மில்லி. அமெரிக்க, ஐரோப்பிய சுவாச மருத்துவச் சங்கங்கள் அனுமதிக்கும் பிழை மொத்தமே 3%தான், 90 மில்லி. ஒரு மில்லிமீட்டர் அதில் மூன்றில் இரண்டு பங்கைத் தின்றுவிடும். வெர்னியரை மூன்று பக்கம் வைத்துப் பார்த்தால் மூன்று விதமாகக் காட்டுகிறது. கடைக் குழாய் வட்டமே இல்லை, லேசாக முட்டை வடிவம்! எனவே பழைய வழி: குழாயில் அந்த நீளத்துக்குத் தண்ணீர் நிரப்பி, தெருமுனை மளிகைக்கடைத் தராசில் நிறுத்தேன். 30 டிகிரி வெயிலில் ஒரு லிட்டர் தண்ணீர் 996 கிராம் இருக்கும். எனக்குக் கிடைத்தது 2.93 கிலோ, அதாவது 2.94 லிட்டர். பிஸ்டன் தடுப்பை 7 மி.மீ. தள்ளி வைத்ததும் சரியாகிவிட்டது. கடைக்கார அண்ணாச்சி தண்ணீரை எடை போட்ட முதல் ஆள் நீதான் என்றார்.

பிறகு சோதனை. ஆறு விநாடி எடுத்து மெதுவாகத் தள்ளி, திரையில் 3.00 வரும்படி ஒரு எண்ணைப் பெருக்கி வைத்தேன். அடுத்து அதே சிரிஞ்சை ஒரே விநாடியில் தள்ளினேன். 3.7 லிட்டர்! காற்று எங்கிருந்து கூடுதலாக வந்தது? இரண்டு நாள் மண்டை காய்ந்தது. கசிவு என்றால் குறைய வேண்டும், கூடக்கூடாது. கடைசியில் பழைய பாடப்புத்தகத்தில் விடை கிடைத்தது. காற்று ஸ்ட்ராவுக்குள் நுழைந்தவுடன் அடுக்கடுக்காக ஓட ஆரம்பித்துவிடாது. அதற்குக் கொஞ்ச தூரம் பிடிக்கும். முழு வேகத்தில் அந்த தூரம் சுமார் 60 செ.மீ., என் ஸ்ட்ரா வெறும் 20. நுழைவாயிலிலேயே கூடுதல் அழுத்தம் போய்விடுகிறது, அதுவும் வேகத்தின் வர்க்கத்தில். ஆக, நேர்கோடு என்று நான் நம்பியது மெல்ல வளைந்த கோடு.

தீர்வு என்னவென்றால் இரண்டு உறுப்புள்ள சமன்பாடு: ஒரு மாறிலியை வேகத்தோடும், இன்னொரு மாறிலியை வேகத்தின் வர்க்கத்தோடும் பெருக்கிக் கூட்டினால் அழுத்தம். பெருமையாக நோட்டில் எழுதி வைத்துவிட்டுத் தேடினால், ஃப்ரிட்ஸ் ரோரர் என்ற சுவிஸ்காரர் 1915லேயே இதை எழுதிவிட்டிருக்கிறார். அதுவும் எதற்கு? மனிதனின் மூச்சுக்குழாய்க்கு! நுரையீரலின் கிளைக் குழாய்களில் காற்று போகும்போது இதே மாதிரிதான் கொஞ்சம் நேராகவும் கொஞ்சம் வர்க்கமாகவும் அழுத்தம் வீணாகிறது. என் 85 ஸ்ட்ராவும் என் அப்பாவின் மூச்சுக்குழாயும் ஒரே சூத்திரத்தில் அடங்கும் என்று தெரிந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இருபது தடவை வெவ்வேறு வேகத்தில் தள்ளி, இரண்டு மாறிலிகளையும் கண்டுபிடித்துப் போட்டேன். அதற்குப் பிறகு மெதுவாகத் தள்ளினாலும் வேகமாகத் தள்ளினாலும் 2.92க்கும் 3.08க்கும் நடுவில்தான் நின்றது.

இப்படி ஒரு ஆறுதலும் கிடைத்தது: பெரியவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். ஆஸ்துமாக்காரர்கள் வீட்டில் வைத்து ஊதும் சின்னக் கருவி பார்த்திருப்பீர்கள். அதன் மூதாதையைச் செய்தவர் மார்ட்டின் ரைட். வேல்ஸ் நாட்டில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் தூசு நோயை ஆராயும் நிலையத்தில் வேலை பார்த்தவர். 1959ல் மெக்கெரோவுடன் சேர்ந்து அதை வெளியிட்டார். உலகம் முழுக்கப் பரவியது. 1990களில் மார்ட்டின் மில்லர் என்பவரும் கூட்டாளிகளும், ஊதுவதைப் போலவே காற்றைத் தள்ளும் பம்பு ஒன்றை வைத்து அந்தக் கருவிகளைச் சோதித்தபோது, அளவுகோலின் நடுப்பகுதி நிமிடத்துக்கு 80 லிட்டர் வரை கூட்டிக் காட்டுவது தெரிந்தது. இங்கிலாந்தில் 2004 செப்டம்பரில்தான் புதிய அளவுகோலுக்கு மாறினார்கள். 45 வருடம்! அந்த மாதம் புதுக் கருவி வாங்கியவர்களுக்கு ஒரே நாளில் எண் இறங்கிப்போயிருக்கும், நுரையீரல் அப்படியே இருக்க.

இன்னொரு சங்கதி நம் ஊர் வெயில். வயிற்றுக்குள் என்று சொல்லக்கூடாது, நெஞ்சுக்குள் இருக்கும் காற்று 37 டிகிரியில் ஈரமாக இருக்கும். வெளியே தண்ணீர் மேல் வந்ததும் குளிர்ந்து சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்பது அறையின் வெப்பத்தைப் பொறுத்தது. 20 டிகிரி அறையில் அளவை 1.10ஆல் பெருக்கித் திருத்த வேண்டும். அம்பத்தூரில் ஃபேன் மட்டும் ஓடும் 30 டிகிரி அறையில் 1.045 போதும். தெரியாமல் குளிர்நாட்டு எண்ணை அப்படியே வைத்துவிட்டால், 2.9 லிட்டரில் கிட்டத்தட்ட 150 மில்லி சும்மா கூடும்.

இந்தத் திருத்தத்தை வைத்துச் சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்தடி முதல் ஆறடி வரை, உயரம் ஓர் அங்குலம் கூடினால் மூச்சு 8 கன அங்குலம் கூடும் என்றார் ஹட்சின்சன். நம் அளவில் ஒரு செ.மீ.க்கு 51.6 மில்லி. அவர் எல்லாவற்றையும் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 15.6 செல்சியசுக்கு, மாற்றி எழுதினார். அதை உடல் வெப்பத்துக்குத் திருத்தினால் 58 மில்லி. இப்போது அப்பாவின் முதல் தாளுக்கு வருவோம். கீழே பொடி எழுத்தில் எந்தச் சூத்திரத்தால் 'எதிர்பார்க்கும் அளவு' கணக்கிட்டார்கள் என்று இருந்தது. 1983ல் வெளிவந்து 1993ல் புதுப்பிக்கப்பட்ட ஐரோப்பியச் சூத்திரம்: உயரத்தை மீட்டரில் எடுத்து 5.76ஆல் பெருக்கு, வயதை 0.026ஆல் பெருக்கிக் கழி, இன்னும் 4.34 கழி. அதாவது ஒரு செ.மீ. உயரத்துக்கு 57.6 மில்லி. தகரப் பாத்திரத்தில் ஊதியவர்களுக்கும் அதற்கு 137 வருடம் பின்னால் வந்தவர்களுக்கும் வித்தியாசம் அரை மில்லிகூட இல்லை! எழுந்து கைதட்டத் தோன்றியது.

கைதட்டிவிட்டு உட்கார்ந்ததும்தான் உறைத்தது. இரண்டும் ஐரோப்பியர்கள்.

அந்தச் சூத்திரத்தை வெளியிட்ட அமைப்பின் பெயர் ஐரோப்பிய நிலக்கரி எஃகு சமூகம். பிற்கால ஐரோப்பிய ஒன்றியத்தின் விதை அதுதான். தங்கள் சுரங்க, உருக்காலைத் தொழிலாளர்களுக்காகத்தான் அவர்கள் இதில் இறங்கினார்கள். அப்பாவின் உயரம் 1.65 மீட்டர், வயது 52. சூத்திரத்தில் போட்டால் 3.81 லிட்டர். அவர் ஊதியது 2.90. அதுதான் 76%. இரண்டாவது இடத்தில் என்ன செய்தார்கள்? அதே 3.81ஐ 0.9ஆல் பெருக்கி 3.43 ஆக்கிவிட்டார்கள். இந்தியர்களுக்கு ஐரோப்பிய அளவில் பத்து சதவீதம் தள்ளுபடி, நம் நாட்டில் பல இடங்களில் இருக்கும் வழக்கம். 2.91ஐ 3.43ஆல் வகுத்தால் 85%. அவ்வளவுதான் மர்மம். கருவிகள் இரண்டும் சரி. அப்பாவை யாரோடு ஒப்பிட்டார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

அந்தத் தள்ளுபடி எங்கிருந்து வந்தது என்று தேடப்போனால் கதை கருப்பாகிறது. அமெரிக்காவில் தாமஸ் ஜெஃபர்சன் 1785லேயே கறுப்பின அடிமைகளின் நுரையீரல் வேறு மாதிரி என்று எழுதிவிட்டார், எந்தக் கருவியும் இல்லாமல். லூசியானா மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட் 1851ல் ஊதுகருவியோடு வந்து 20% குறைவு என்றார். அடிமை முறையே அவர்களுக்கு நல்லது என்று வாதாட அதைப் பயன்படுத்தினார். உள்நாட்டுப் போர் முடிந்து, 1869ல் பெஞ்சமின் குல்ட் படைவீரர்களின் பெரிய அட்டவணை ஒன்றை வெளியிட்டார். சாப்பாடு, வேலை, குடியிருப்பு, தூசு எதையும் கேட்காமல் தோலின் நிறத்தை மட்டும் ஒரு காரணமாக எழுதி வைத்ததும் அது நிலைத்துவிட்டது. பிறகு கருவிக்குள் ஒரு பொத்தானாகவே உட்கார்ந்தது. லண்டி பிரவுன் 2014ல் எழுதிய புத்தகத்தில் இந்த வரலாறு முழுசாக இருக்கிறது. 1999ல் பால்டிமோரில் ஒரு கல்நார் நிறுவனம், இழப்பீடு கேட்கும் கறுப்பினத் தொழிலாளருக்குத் தனி அளவுகோல் வேண்டும் என்று நீதிமன்றம் போனதும் அதில் உண்டு. அந்த அளவுகோல்படி, இழப்பீடு வாங்க அவர்கள் வெள்ளையரைவிட இன்னும் அதிகம் நோயாளியாக இருந்தாக வேண்டும்.

சரி, நம் ஊர்க்காரர்களை யாரும் அளக்கவே இல்லையா? அளந்திருக்கிறார்கள், அதுவும் சென்னையில். 1929ல் பம்பாயில் எஸ்.எல்.பாட்டியா எழுதிய கட்டுரைக்கு அடுத்து, 1932ல் கிருஷ்ணன், வரீது என்ற இருவர் தென்னிந்திய ஆண் மருத்துவ மாணவர்கள் 103 பேரின் உயிர்ப்புத் திறனை வெளியிட்டார்கள். அதே 1932ல் எலினார் மேசன் தென்னிந்தியப் பெண்களுக்கு உயரம், எடை, உடற்பரப்பு வைத்து எதிர்பார்ப்பு அளவைத் தந்தார். மேசன் சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பாடம் நடத்தியவர், பிறகு அதன் முதல்வரானார். (அந்தக் கல்லூரியின் முதல் மூன்று முதல்வர்கள் பெயரும் எலினார் தான்!) பாஸ்டனில் இருந்த ஃப்ரான்சிஸ் பெனடிக்டோடு சேர்ந்து, படுத்திருக்கும்போது நம் பெண்களின் உடல் எவ்வளவு ஆற்றல் செலவிடுகிறது என்றும் அளந்திருக்கிறார். தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் நுங்கம்பாக்கத்தில் புடவை கட்டிய மாணவிகள் வரிசையாக நின்று குழாயில் ஊதும் காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். அவர்களைப் பற்றி ஒரு சினிமா எடுக்கலாம்.

அடுத்தவர் எனக்கு ரொம்பப் பிடித்தவர். ஜிம் மில்லெட்ஜ். 1960-61ல் எட்மண்ட் ஹிலாரியின் இமயமலைக் குழுவில், சுமார் 5,800 மீட்டர் உயரத்தில் 'வெள்ளிக் குடிசை' என்ற குடிலில் பனிக்காலம் முழுக்கத் தங்கி மலையேறிகளின் மூச்சை அளந்தவர். பிறகு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். 1965ல் தென்னிந்திய ஆண்களின் மூச்சளவை வெளியிட்டார். பனியிலிருந்து வேலூர் வெயிலுக்கு! திருத்த எண் மட்டும் எத்தனை தடவை மாற்றியிருப்பாரோ. பிறகு 1990ல் சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்திலிருந்து வி.கே.விஜயனும் சகாக்களும் சென்னையில் வாழும் 15 முதல் 40 வயதுள்ள ஆரோக்கியமானவர்களை அளந்து, இங்கிலாந்தின் 'தோராக்ஸ்' இதழில் சூத்திரங்கள் தந்தார்கள். அப்பாவுக்கு வயது 52 என்பதால் அந்த வாய்ப்பும் போனது.

2012ல் உலகப் பொதுச் சூத்திரம் ஒன்று வந்தது. 74,187 பேரின் அளவு. வெள்ளையர், ஆப்பிரிக்க அமெரிக்கர், வடகிழக்கு ஆசியர், தென்கிழக்கு ஆசியர் என்று நான்கு குழு. இந்தியத் துணைக்கண்டத்துக்குத் தனிக் குழு இல்லை. நூறு கோடிக்கு மேல் இருக்கும் நாம் 'மற்றவர்கள்' வரிசையில் நின்றோம். அப்புறம் 2022ல் இனப் பிரிவே இல்லாத ஒரே சூத்திரம் தயாராகி, 2023ல் அமெரிக்க மார்புநோய்ச் சங்கமும் அதைத்தான் பயன்படுத்தச் சொன்னது.

இனப் பொத்தானை எடுத்தது நல்லதுதான் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் வாதம் ஒரு பக்கமாக முடிகிற விஷயமாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டை வைத்தே யோசியுங்கள். தள்ளுபடி போட்டால் அப்பா 'இயல்பு'. உண்மையிலேயே மணல் தூசு நெஞ்சில் படிய ஆரம்பித்திருந்தால் அந்த 0.9 அதை மறைத்துவிடும். சிலிக்கா தூசு நோய் 1923ம் வருட ஊழியர் இழப்பீட்டுச் சட்ட அட்டவணையில் இருந்தது, 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக இருந்தது. இத்தனை சட்டம் இருந்தும், 'இயல்பு' என்ற தாளை வைத்துக்கொண்டு ஒன்றும் கேட்க முடியாது. தள்ளுபடி போடாவிட்டால் 'குறைபாடு'. வேலைக்குத் தகுதியில்லை என்று ஒருவரை வெளியே அனுப்ப அதே தாள் போதும். ஒப்பந்தத் தொழிலாளி என்றால் கேட்கவே வேண்டாம். ஹட்சின்சனின் காப்பீட்டு நிறுவனம் ஞாபகம் இருக்கிறதா?

இன்னொன்றையும் கண்டுபிடித்தேன். 80%க்குக் கீழே போனால் குறைபாடு என்பது வசதிக்காகப் போட்ட கோடு. அந்த ஐரோப்பியச் சூத்திரத்தோடு சிதறல் எண் ஒன்றும் தந்திருக்கிறார்கள், 0.61 லிட்டர். அதை 1.64ஆல் பெருக்கிக் கழித்தால் கீழ் எல்லை கிடைக்கும். ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் மட்டும் அதற்குக் கீழே இருப்பார்கள். 3.81ல் 1.00 போனால் 2.81. அப்பாவின் 2.90 அதற்கு மேலே! அதாவது ஐரோப்பியரோடு ஒப்பிட்டாலும் அந்த முதல் தாள் 'குறைபாடு' என்று அடித்துச் சொல்லியிருக்கக்கூடாது. எல்லைக்கு 90 மில்லிதான் மேலே என்பதும் உண்மை. என் சிரிஞ்சுக்கு அனுமதித்த பிழையும் அதே 90 மில்லி என்று கவனித்தபோது வயிற்றில் ஏதோ செய்தது.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் உட்கார்ந்து சொன்னேன். பாதியில் தூங்கிவிடுவார் என்று நினைத்தேன். இல்லை, கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டு, "அப்ப நான் நல்லாருக்கேனா இல்லியா, அதைச் சொல்லு" என்றார்.

தெரியலப்பா, என்றேன். ஒரு தடவை ஊதினதை வைத்துச் சொல்ல முடியாது, எக்ஸ்ரே எடுக்கணும், டாக்டர் பார்க்கணும். அதோடு, ஊரார் அளவோடு ஒப்பிடுவதை விட உன் அளவோடயே உன்னை ஒப்பிடுவோம், மாசா மாசம் ஊது என்றேன். வருடா வருடம் எல்லாருக்கும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். சூத்திரத்தில் அந்த 0.026 இருக்கிறதே, அது அதுதான், வருடத்துக்கு 26 மில்லி. அதைவிட வேகமாக இறங்கினால் இனமும் வேண்டாம், சதவீதமும் வேண்டாம்.

அப்பா கூடத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கருவியை வைப்பதற்கு முன் சிரிஞ்சைத் தள்ளிப் பார்த்தேன், 2.98. சரி. சுவர் தெர்மாமீட்டரில் 31 டிகிரி. மூக்கை விரலால் பிடித்துக்கொண்டு ஊதினார். முதல் தடவை 2.71, பாதியில் இருமிவிட்டார். இரண்டாவது 2.86. மூன்றாவது 2.88. மேல் இரண்டு ஊதலுக்கும் நடுவே 150 மில்லிக்குள் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி, இது வெறும் 20.

அம்மா சமையலறையிலிருந்து வந்து தானும் ஊதினார். தம்பி ஊதினான், அவனுடையதுதான் அதிகம், அதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறான். அப்பா ஊதியதை மளிகைக்கடை தினத்தாள் காலண்டரின் அட்டையில் தேதி போட்டு, சிரிஞ்சு அளவும் வெப்பநிலையும் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். டாக்டர் எழுதிக் கொடுத்த எக்ஸ்ரே சீட்டும் அந்த ஆணியில்தான் தொங்குகிறது. அடுத்த செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு என்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.